சளி என்று சும்மா விடலாமா?

(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இந்த மேடையில் நாம் வழக்கமாகப் பேசுவது ரேஷன் கார்டு, தண்ணீர்க் குழாய், வீட்டுப் பட்டா, பிள்ளைகளின் தமிழ்ப் படிப்பு. இன்று சளியைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். சிரிக்க வேண்டாம். நமக்கு மூன்று நாளில் தீர்ந்துபோகிற சளியும் இருமலும், பக்கத்துக் கோலியில் புற்றுநோய்க்கு வைத்தியம் செய்துகொண்டிருக்கும் ஒரு தாய்க்கு உயிர்ப் பிரச்சினையாகி விடுகிறது. இதில் வைத்தியமும் இருக்கிறது, கூலியும் இருக்கிறது, வீடும் இருக்கிறது. ஆகவே இது சங்கத்தின் பிரச்சினை.

பரேலில் உள்ள டாடா நினைவு மருத்துவமனை 1941இல் தொடங்கப்பட்டது. 1962 முதல் மத்திய அரசின் அணுசக்தித் துறையின் கீழ் நடந்து வருகிறது. நாட்டின் எல்லா மூலையிலிருந்தும் நோயாளிகள் அங்கே வருகிறார்கள். நமக்கோ சயானில் ஸ்லோ வண்டி ஏறினால் மூன்றாவது ஸ்டேஷன். அதனால்தான் ஊரில் யாருக்கு இந்த நோய் கண்டாலும், தாராவியிலும் சயானிலும் உள்ள நம் கோலிகளில் வந்து இறங்குகிறார்கள். வரட்டும். உறவுக்கும் ஊருக்கும் இடம் கொடுக்காமல் நாம் எதற்கு இருக்கிறோம்? ஆனால் வந்தவரை எப்படிக் காப்பது என்று நாம் தெரிந்துகொண்டோமா?

நம் சந்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயர் வேண்டாம். ஓர் அம்மாவுக்கு நிணநீர்ப் புற்றுநோய். மூன்றாவது கீமோ முடிந்து பத்தாம் நாள். மகன் தோல் பட்டறையில் பீஸ் கணக்கில் வேலை செய்பவர். அவருக்கு இரண்டு நாளாக இருமல். வேலைக்குப் போகாவிட்டால் கூலி இல்லை, போனார். இரவில் அம்மாவின் பாய்க்குப் பக்கத்தில் படுத்தார். பத்துக்குப் பத்து கோலியில் ஆறு பேர். வேறு எங்கே படுப்பார்? மூன்றாம் நாள் அம்மாவுக்கு உடம்பு சுட்டது. சளிக் காய்ச்சல்தான் என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தோம். ஆம், கொடுத்தவர்களில் நாமும் உண்டு. காய்ச்சல் இறங்கியது, மறுபடி ஏறியது. மூச்சு வாங்கத் தொடங்கிய பிறகுதான் டாக்ஸி பிடித்தோம். நிமோனியா என்றார்கள். பதினெட்டு நாள் ஆஸ்பத்திரி. உயிர் பிழைத்தார். ஆனால் நாலாவது கீமோ ஒன்றரை மாதம் தள்ளிப்போனது. "நான்தானே கொண்டுவந்து கொடுத்தேன்" என்று அந்த மகன் இன்றும் தலை குனிந்து நடக்கிறார்.

ஏன் இப்படி ஆகிறது? கீமோ மருந்து புற்றுநோய் அணுக்களை அடிக்கும்போது, எலும்பு மஜ்ஜையில் உண்டாகும் நல்ல அணுக்களையும் அடிக்கிறது. கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் பல மருந்துகளில் ஏழாம் நாளிலிருந்து பதினாலாம் நாளுக்குள் மிகவும் குறைந்து போகின்றன. சரக்கு யார்டில் இரவுக் காவலர்கள் எல்லாரும் ஒரே நாளில் லீவில் போனது போலத்தான். அந்த நேரத்தில் ஃப்ளூ, கொரோனா, ஆர்.எஸ்.வி. போன்ற வைரஸ் கிருமிகள் மூக்கிலும் தொண்டையிலும் நிற்காமல் நுரையீரலுக்கு இறங்குகின்றன. மூச்சுக் குழாயின் உள்தோலை வைரஸ் அரித்துவிட்டால், அந்த வழியே வேறு கிருமிகளும் நுழைகின்றன. இரத்தப் புற்றுநோய் உள்ளவர்களுக்கும், எலும்பு மஜ்ஜை மாற்று செய்துகொண்டவர்களுக்கும், நுரையீரல் புற்றுநோய் உள்ளவர்களுக்கும் ஆபத்து இன்னும் அதிகம்.

ஒன்றைக் கவனியுங்கள். வெள்ளை அணு குறைந்தவருக்குச் சளிகூடக் கட்டாமல் இருக்கலாம். காய்ச்சல் ஒன்றுதான் மணி அடிக்கும். மாத்திரை கொடுத்து அந்த மணியையும் நாமே நிறுத்திவிடுகிறோம்.

கொரோனா வந்த 2020இல் பிரிட்டனில் புற்றுநோயோடு அந்தத் தொற்றும் கண்ட 800 பேரைக் கணக்கெடுத்தார்கள். 226 பேர் இறந்துவிட்டனர். அப்போது தடுப்பூசி இல்லை. ஆனால் அதே கணக்கு இன்னொன்றையும் சொன்னது. வயதும் மற்ற நோய்களும்தான் பெரிய வித்தியாசம் செய்தன. அவற்றைக் கழித்துப் பார்த்தால், நாலு வாரத்துக்குள் கீமோ எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் சாவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. ஆகவே, "சளி பிடித்துவிடும், கீமோவுக்குப் போக வேண்டாம்" என்று வீட்டில் வைத்துக்கொள்வது காப்பாற்றுவது ஆகாது.

தாமதமும் கொல்லும். வைத்தியம் நாலு வாரம் தள்ளிப்போனாலே பல வகைப் புற்றுநோய்களில் சாவு அபாயம் கூடுகிறது என்பது 2020இல் வெளியான பெரிய ஆய்வின் முடிவு. நம் நாட்டில் என்ன நடந்தது? 2020 மார்ச் முதல் மே வரை 41 புற்றுநோய் மருத்துவமனைகளின் கணக்கை முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டார்கள். புதிதாகப் பதிவு செய்த நோயாளிகள் 54 சதவீதம் குறைந்திருந்தனர். பெரிய அறுவைச் சிகிச்சைகள் 49 சதவீதம் குறைந்திருந்தன. நோய் குறைந்ததா? இல்லை. வண்டி நின்றது, கூலி நின்றது, பயம் கதவைச் சாத்தியது. அவர்கள் எல்லாம் பிறகு முற்றிய நிலையில் வந்திருந்தால், அந்தக் கணக்கை எந்தத் தொற்றுநோய்ப் பட்டியலில் எழுதுவது?

2025இல் 'நேச்சர்' இதழில் இன்னொரு செய்தி வந்தது. மார்பகப் புற்றுநோய் குணமான பிறகும் சில அணுக்கள் நுரையீரலில் உறங்கிக் கிடக்கலாம். எலிகளில் ஃப்ளூவும் கொரோனாவும் அவற்றைச் சில நாட்களில் எழுப்பிப் பெருக வைத்தன. தொற்றின்போது உடம்பில் ஊறும் ஐ.எல்.-6 என்ற புரதத்துக்கு அதில் பங்கு உண்டு. பிரிட்டன், அமெரிக்க நோயாளிகளின் பதிவேடுகளிலும் கொரோனா கண்டவர்களுக்கு அபாயம் கூடியிருந்தது. இதைக் கேட்டு யாரும் நடுங்க வேண்டாம். சளி பிடித்தவருக்கெல்லாம் புற்றுநோய் திரும்பும் என்று இதற்குப் பொருள் இல்லை. குணமானவரையும் தொற்றிலிருந்து காக்க வேண்டும் என்பதே பொருள்.

சரி, நாம் செய்ய வேண்டியது என்ன?

முதலாவது, நோயாளி இருக்கும் வீட்டில் தெர்மாமீட்டர் வேண்டும். 100.4 டிகிரி தொட்டால் நடுராத்திரி ஆனாலும் ஆஸ்பத்திரி. மாத்திரை கொடுத்துவிட்டு விடியட்டும் என்று இருக்கக் கூடாது. கேஸ் பேப்பரை எடுத்துக்கொண்டு போய், "இன்ன தேதியில் கீமோ நடந்தது" என்பதை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள்.

இரண்டாவது, ஃப்ளூ தடுப்பூசி. ஆண்டுக்கு ஒரு முறை. நோயாளிக்கும் கூட இருப்பவர்களுக்கும். நோயாளிக்கு எப்போது போடலாம் என்பதைப் புற்றுநோய் டாக்டரே சொல்ல வேண்டும். இன்னொன்றும் கேளுங்கள். மராட்டிய மண்ணில் ஃப்ளூ பெருகுவது ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மழையில். சென்னை, வேலூர்ப் பக்கம் அது பெருகுவது அக்டோபர், நவம்பர் மழையில். தீபாவளிக்கு ஊருக்குப் போகும் நோயாளி ஒரு மழையைத் தாண்டி இன்னொரு மழைக்குள் போகிறார்.

மூன்றாவது, பயணம். டிக்கெட் ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருக்கும் நாம் இதை அடிக்கடி காண்கிறோம்: சலுகை இருப்பது தெரியாமல், முன்பதிவில்லாப் பெட்டியின் நெரிசலில் நோயாளியை ஏற்றுகிறார்கள். வைத்தியத்துக்காகப் போய்வரும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் முழுச் சலுகை உண்டு. துணைக்கு வருபவருக்கு 75 சதவீதம். ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் கையெழுத்து வாங்கி வந்தால் போதும். லோக்கல் வண்டியிலும் சான்று காட்டி மாற்றுத் திறனாளிகள் பெட்டியில் ஏறலாம்.

நாலாவது, இருமுகிறவர் முகக்கவசம் போடட்டும், ஜன்னல் திறந்திருக்கட்டும், தனியே படுக்கட்டும்.

"தனியே எங்கே படுப்பது?" என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. புத்தகத்தில் எழுதுகிறவர்களுக்குத் தனி அறை இருக்கிறது. நமக்கு? அந்தத் தோல் பட்டறைத் தம்பி மேல் குற்றம் சொல்ல நமக்கு வாய் இல்லை. இருமிக்கொண்டு வேலைக்குப் போனது அவர் ஆசையா? ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால், நோயில் கிடக்கும் நாட்களுக்குக் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கச் சட்டம் இருக்கிறது. நம் பட்டறைகளில் எத்தனை பேரிடம் அந்த அட்டை இருக்கிறது? கை தூக்குங்கள் பார்ப்போம். தடுப்பூசியைக் காசு கொடுத்துப் போட ஒரு நாள் கூலி போதுமா? வைரஸ் எல்லாரையும் சமமாகத் தொடுகிறது என்பார்கள். பத்துக்குப் பத்தில் ஆறு பேர் படுக்கும் வீட்டையும், ஆறு அறையில் இரண்டு பேர் படுக்கும் வீட்டையும் அது சமமாகத் தொடுவதில்லை.

ஆகவே சங்கத்தின் முன் நான்கு தீர்மானங்களை வைக்கிறோம். நம் படிப்பக அறையை இரவில் திறந்து வைப்போம். நோயாளி உள்ள வீட்டில் யாருக்கு இருமல் வந்தாலும் ஜன்னல் ஓரம் அங்கே படுக்கட்டும், சாப்பாடு நாம் கொண்டு போய்க் கொடுப்போம். சந்துக்கு ஒரு தெர்மாமீட்டரும், இரவில் கூப்பிட்டால் வரும் இரண்டு இளைஞர்களும் இருக்கட்டும். புற்றுநோயாளிகளுக்கும் வீட்டாருக்கும் ஃப்ளூ தடுப்பூசியை இலவசமாகப் போட வேண்டும் என்று மாநகராட்சிக்கு மனுக் கொடுப்போம். பட்டறை பட்டறையாகப் போய் ஈ.எஸ்.ஐ. பதிவு கேட்போம்.

கடைசியாக ஒன்று. அந்த அம்மாவுக்கு ஆறாவது கீமோவும் முடிந்துவிட்டது. இன்று கூட்டத்துக்கு வருகிறேன் என்றார். நாம்தான் கூட்டத்தில் வேண்டாம் என்று தடுத்தோம். மகன் வந்திருக்கிறார், பின் வரிசையில். தம்பி, தலையை நிமிர்த்து. நீ செய்த தப்பு ஒன்றும் இல்லை. படிப்பகத்தின் சாவி இனி உன் கையில் இருக்கட்டும்.