தண்ணீரில் எழுதிய ழகரம்

  பட்டம் வாங்கும் பிள்ளைகளுக்குப் பசிக்கும்; சுருக்கமாக ஒரு கதை.

வேதாரண்யத்தில் ஒரு பையன் இருந்தான். அகஸ்தியம்பள்ளி உப்பளத்தில் உப்பு வாரியவரின் மகன். அவன் யாரென்று ஒளித்துவைத்துக் கதை சொல்லத் தேவையில்லை. இந்தக் கறுப்பு அங்கிக்குள் வேர்த்துக்கொண்டு நிற்பவன் அவன்தான். ஊர்ப்பெயரைச் சொன்னால் மற்றவர்களுக்கு 1930-இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்து வந்து உப்பெடுத்தது நினைவுக்கு வரும். அவனுக்கோ கோயில் வீதியில் பெயர்ப்பலகை எழுதியவரின் கொட்டகைதான் ஊர்.

பத்தாம் வகுப்பு விடுமுறையில் அங்கே போய்ச் சேர்ந்தான். பெயின்ட் டப்பாவைத் தொடவிடவில்லை. ஒரு பட்டை பிரஷும் வாளித் தண்ணீரும் கொடுத்து, சிமென்ட் தரையில் 'ழ' எழுதச் சொன்னார் அவர். சித்திரை வெயில். எழுதி முடித்து அழகு பார்ப்பதற்குள் எழுத்து காய்ந்துவிடும்; மறுபடி எழுத வேண்டும். பத்து நாள் இதே வேலை.

"அண்ணே, வேற எழுத்து?"

"இதோட வயிறே இன்னும் ஒனக்குப் புடிபடலடா தம்பி."

பதினோராம் நாள், கோட்டை விட்டுவிட்டு எழுத்துக்குள் அடைபட்டிருக்கும் வெள்ளையை மட்டும் வரையச் சொன்னார். அப்புறம் இரண்டு பென்சிலை ரப்பர் வளையத்தால் கட்டிக் கையில் கொடுத்தார். ஒரே இழுப்பில் இரட்டைக் கோடு விழும். எங்கே தடிக்கிறது, எங்கே மெலிகிறது என்று அப்பட்டமாகத் தெரியும். பல வருஷம் கழித்து, கடன் வாங்கிக் கட்டணம் கட்டி வடிவமைப்புப் படிக்கப் போனான். முதல் வாரப் பாடம் அதே இரட்டைப் பென்சில்! சிரித்துவிட்டான். வகுப்புக்கு வெளியே நிற்க வேண்டியதாயிற்று.

'ழ'வின் அந்த வயிறு எங்கிருந்து வந்தது? பனையோலையில் நார்ப்போக்கில் எழுத்தாணியை நேராக இழுத்தால் ஓலை கிழியும். அதனால் வளைவு பிழைத்தது. ஏட்டில் பெரும்பாலும் புள்ளியும் வைக்கவில்லை. ஓலைக்குப் பிறகு அச்சு. வேதாரண்யத்திலிருந்து கடலோரமாக வடக்கே போனால் தரங்கம்பாடி. ஜெர்மனியின் ஹாலேயிலிருந்து அங்கிருந்த மதபோதகர் சீகன்பால்குவுக்கு வந்து சேர்ந்த தமிழ் அச்செழுத்துகள் மிகப் பெரியவை, காகிதம் கட்டுப்படியாகவில்லை. பக்கத்துப் பொறையாற்றில் சின்ன எழுத்துகளை வார்த்தார்கள். பாலாடைக்கட்டி டப்பாவின் ஈயத்தை உருக்கி வார்த்ததாக ஒரு கதை உண்டு. 1715-இல் தமிழ்ப் புதிய ஏற்பாடு அச்சேறியது. ஓலையும் ஈயமும் இழுத்த இழுப்புக்கெல்லாம் வளைந்து கொடுத்துத்தான் நம் எழுத்து இந்த உருவத்துக்கு வந்திருக்கிறது.

எழுத்து 247 என்பது எல்லோருக்கும் தெரியும். உகர, ஊகார வரிசைகளில் வரும் 36 உயிர்மெய்களுக்குக் காலையோ கொம்பையோ பக்கத்தில் ஒட்டி ஒப்பேற்ற முடியாது, ஒவ்வொன்றையும் தனியாக வரைந்தாக வேண்டும் என்பது எழுத்துரு செய்தவனுக்குத்தான் தெரியும். கணினி வேகமாக வரையும். வரைந்த 'ளு' நொண்டுகிறதா என்று பார்க்கக் கண் வேண்டும். தரையில் தண்ணீரால் எழுதிப் பழகிய கைக்கே அந்தக் கண் வாய்க்கும் என்பது அந்தப் பையனின் பிடிவாதம்.

எழுத்தில் பழகியவர்கள் எழுத்தோடு நின்றுவிடுவதில்லை. 2010-இல் ஏற்கப்பட்ட ரூபாய்க் குறியை வடிவமைத்த உதயகுமார், மும்பை ஐஐடியில் முனைவர் பட்டத்துக்கு ஆராய்ந்தது தமிழ் எழுத்துருக்களைத்தான். காந்தியைக் கோட்டோவியங்களாக வரைந்து புகழ்பெற்ற ஆதிமூலம், சிற்றிதழ்களுக்கும் புத்தகங்களுக்கும் தலைப்பெழுத்து எழுதியவர். அவருடைய ஓவியத்தையும் எழுத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒரே கை என்று தெரியும்.

ஊருக்குப் போனதும் ஒரு காரியம் செய்யுங்கள். உங்கள் தெருவில் கையால் எழுதிய பலகை ஏதேனும் மிச்சமிருந்தால் படமெடுத்து வையுங்கள். எழுதியவர் இருந்தால் அவர் பெயரையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். கோயில் வீதிக்காரர் எழுதியதில் ஒரு மளிகைக் கடைச் சுவர் மட்டும் தப்பியிருந்தது. போன பொங்கலுக்கு அதற்கும் வெள்ளையடித்துவிட்டார்கள்.