கம்பஸுக்கு ஒரு வாசல் மட்டும் இல்லை

(களுவாஞ்சிக்குடியில் கூடிய தோட்டப் பெற்றோர், மாணவர் மத்தியில் ஆற்றிய உரை)



மலையிலிருந்து இறங்கி, நெடுந்தூரம் பஸ் ஏறி, இந்த வாவிக்கரைக்கு வந்திருக்கிறோம். இடம் தந்த களுவாஞ்சிக்குடி மக்களுக்கு முதலில் நமது நன்றி. இங்கே வயலும் கடலும், அங்கே தேயிலையும் மலையும். ஆனாலும் பிள்ளை ஓ.எல். எழுதி முடித்ததும் வீட்டில் எழுகிற கேள்வி இரண்டு இடத்திலும் ஒன்றுதான்: "இனி இவனை என்ன செய்யிறது?" நம் லயங்களில் பலர் சொல்லும் பதில், "கொழும்புக் கடைக்கு அனுப்பிடுவோம்" என்பது. அதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள் என்று சொல்லத்தான், மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றை இன்று சொல்ல எடுத்துக்கொண்டோம்.

நம் முன்னோர் காலத்தில் தேயிலைப் பெட்டிகளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக ரயில் பாதை போட்டார்கள். 1885இல் ரயில் நானுஓயா வந்தது. 1924இல் பதுளை வந்தது. பாதை, பாலம், கட்டிடம் எல்லாவற்றுக்கும் வேலை தெரிந்த ஆட்கள் வேண்டும். அப்படியான காலத்தில், 1893இல், கொழும்பு மருதானையில் அரசாங்கம் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியைத் தொடங்கியது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

1960இல் கனடா நாட்டின் உதவியுடன் கொழும்புக்குத் தெற்கே கட்டுபெத்தையில் செய்முறைத் தொழில்நுட்ப நிறுவகம் ஏற்பட்டது. பெயரிலேயே பாருங்கள், செய்முறை! 1966இல் அது இலங்கைத் தொழில்நுட்பக் கல்லூரி ஆனது. 1972இல் பல்கலைக்கழகத்தின் கட்டுபெத்தை வளாகம் ஆனது. 1978 டிசம்பர் 22ஆம் திகதி மொறட்டுவைப் பல்கலைக்கழகம் என்று தனியாக எழுந்து நின்றது. நம்ம ஆட்கள் இன்றைக்கும் அதைக் 'கட்டுபெத்த கம்பஸ்' என்றுதான் சொல்வார்கள்.

ஆக, நாட்டிலேயே பேர்போன பொறியியல் கம்பஸ், வேலை பழக்கும் இடமாகத்தான் இருந்தது. படிப்படியாகத்தான் ஏறியது. நம் பிள்ளைகளும் அப்படி ஏறலாம்.

இனி அது எப்படி நடக்கிறது என்று பார்ப்போம். தோட்டத்தில் தொரை, சின்னத்தொரை, கணக்கப்பிள்ளை, கங்காணி என்று ஒரு ஒழுங்கு இருக்கிறது அல்லவா? அங்கேயும் ஒழுங்கு உண்டு. மேலே வேந்தர். அன்றாட நிருவாகத்துக்குப் பொறுப்பு துணைவேந்தர். பேரவை சிபாரிசு செய்யும் மூன்று பேரில் ஒருவரைச் சனாதிபதி மூன்று வருடத்துக்குத் துணைவேந்தராக நியமிப்பார். பணம், நிருவாகம் பேரவையின் கையில். பாடம், பரீட்சை, பட்டம் பற்றிய விஷயங்களை மூதவை பார்க்கும். பொறியியல், கட்டிடக்கலை, தகவல் தொழில்நுட்பம், வணிகம், மருத்துவம் என்று பீடங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பீடாதிபதி. பீடச் சபையில் மாணவர் தெரிவு செய்த இரண்டு மாணவரும் உட்காருவார்கள். தோட்ட ஒழுங்கில் இல்லாத ஒன்று அது!

பிள்ளைகளைச் சேர்ப்பது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு. நூற்றுக்கு 40 இடம் நாடு முழுவதற்குமான புள்ளி வரிசைப்படி. 55 இடம் மாவட்டவாரியாக. மிச்சம் 5 கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. நுவரெலியா, பதுளை, மட்டக்களப்பு மூன்றும் அந்தப் பின்தங்கிய பட்டியலில் வந்தவை. ஏ.எல். பரீட்சையைத் தமிழிலேயே எழுதலாம். அரச கம்பஸில் பட்டப்படிப்புக்குக் கட்டணம் கிடையாது. வசதி குறைந்த பிள்ளைகளுக்கு 1981இல் தொடங்கிய மகாபொலப் புலமைப்பரிசில் உண்டு. பொறியியல் பாடம் நடப்பது ஆங்கிலத்தில். ஆகவே ஆங்கிலத்தை இப்போதே பிடித்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே.

"புள்ளி காணாட்டி என்ன செய்யிறது?" என்று கேட்பீர்கள். நாம் முக்கியமாகச் சொல்ல வந்ததே அதுதான்.

ஏ.எல். கணிதப் பிரிவு படித்து, பொறியியல் பீடத்துக்குப் புள்ளி போதாவிட்டால், ஹோமாகமைப் பக்கம் தியகமையில் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் தொழில்நுட்ப நிறுவகம் இருக்கிறது. அங்கே தேசிய தொழில்நுட்ப டிப்ளோமா படிக்கலாம். மூன்று வருடப் படிப்பு, அதில் ஒரு வருடம் தொழிற்பயிற்சி. மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அடுத்த மாவட்டமான அம்பாறையில் ஹார்டி நிறுவனம் இருக்கிறது.

ஏ.எல். இல்லாத பிள்ளைக்கும் வழி உண்டு. என்.வி.கியூ. என்று ஏழு படி உண்டு. 1 முதல் 4 வரை சான்றிதழ், 5ம் 6ம் டிப்ளோமா, 7 பட்டம். அந்தப் பட்டத்துக்கென்றே 2008ஆம் ஆண்டுச் சட்டத்தால் இரத்மலானையில் தொழிற்கல்விப் பல்கலைக்கழகம் அமைந்தது. வயரிங், வெல்டிங் பழகத் தொடங்கிய பிள்ளையும் படி ஏறிப் பட்டம் வரை போகலாம். 2005இல் பதுளையில் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தில் தேயிலைத் தொழில்நுட்பமே ஒரு பட்டப்படிப்பு. நாம் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து எடுக்கிறோம். அதே தேயிலையைப் படித்து அதிகாரியாக வருவதற்கு நம் பிள்ளைக்கு என்ன குறை?

தோட்டப் பாடசாலைகளில் கணித, விஞ்ஞான வாத்தியார்மார் குறைவு. அதனால் பிள்ளை டவுன் பாடசாலைக்குப் போகவேண்டி வருகிறது. பஸ் காசு பாரம்தான். இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் கடையில் நிற்கும் பிள்ளைக்கு இன்று கிடைக்கும் சம்பளம் பத்து வருடம் கழித்தும் பெரிதாக மாறாது. கையில் தொழிலும் சான்றிதழும் உள்ள பிள்ளைக்கு மாறும். பெண் பிள்ளைகளுக்கும் இதே கதைதான். "பொம்பளப் புள்ளைக்கு எதுக்கு மிசின் வேலை?" என்று தள்ளிவிடாதீர்கள்.

நாங்கள் கேட்பது மூன்றே விஷயம். ஓ.எல். பரீட்சையில் கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலத்தை விடாதீர்கள். முடிவு வரும்வரை பள்ளியில் பேரை வெட்டாதீர்கள். முடிவு வந்ததும், நல்லதோ கெட்டதோ, அந்தத் தாளை எடுத்துக்கொண்டு பிள்ளையோடு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். விண்ணப்பப் படிவம், கடைசித் திகதி எல்லாவற்றையும் ஒன்றாக உட்கார்ந்து பார்ப்போம். திகதி போனால் ஒரு வருடம் போச்சு.