சுழி பார்க்கும் சந்தை

மாட்டுச் சந்தைக்குச் செல்பவன் முதலிற் சுழியைப் பார்க்கிறான். வலுவைப் பிறகுதான் பார்க்கிறான். அமெரிக்க உதைபந்தாட்ட உலகிலும் இவ்வழக்கம் உண்டு.

அங்கே, ஒப்பந்தத்திலுள்ள வீரரை ஒரு குழு மற்றொரு குழுவுக்குக் கைமாற்றலாம். ஈடாக வேறு வீரரையோ, ஆண்டுதோறும் நடைபெறும் புதுவீரர் தெரிவில் ஓர் இடத்தையோ பெறலாம். பெரும்பாலும் வீரரின் சம்மதம் வேண்டியதில்லை. ஆகவே, பேரம் முடியுமுன்பே வதந்தி புறப்பட்டுவிடுகிறது. வீரருடைய குணம் பழுதுபட்டதென்றால், வதந்திக்குச் சிறகும் முளைக்கிறது.

மேற்கு வேர்ஜீனியாவில் 1977இல் பிறந்த றண்டி மொஸ் இதற்குத் தக்க சான்று. பெயர் உதைபந்தாட்டமாயினும் அவ்விளையாட்டிற் பந்து பெரும்பாலும் கையாலேயே எறியப்படுகிறது. அதனை ஓடிச்சென்று பற்றுவது அவர் பணி. பள்ளிப் பருவத்தில் நேர்ந்த ஒரு சண்டையால் நோட்ர டேம் பல்கலைக்கழகம் அவருக்குக் கதவடைத்தது. கஞ்சாப் பழக்கத்தால் புளோரிடா அரசப் பல்கலைக்கழகத்தில் இடமிழந்தார். மார்ஷல் பல்கலைக்கழகமே அவரை ஏற்றது.

1998ஆம் ஆண்டுத் தெரிவில் மினசோட்டாக் குழு அவரை 21ஆவதாகவே எடுத்தது. அவரைத் தவிர்த்த குழுக்களுள் டலசும் ஒன்று. அவ்வாண்டு நவம்பரில் டலசுக்கு எதிராக அவர் பிடித்த பந்துகள் மூன்று. மூன்றும் எல்லைக்கோட்டைக் கடந்தன. அப்பருவத்திலே 17 முறை எல்லை கடந்து, புதுவீரருக்குரிய சாதனையை நிலைநாட்டினார்.

எனினும் குணம் மாறவில்லை. 2005 ஜனவரியில், களத்தில் முறைகேடாக நடந்ததற்காக 10,000 டொலர் தண்டம் செலுத்தினார். சில வாரங்களில் ஒக்லண்டுக்குக் கைமாற்றப்பட்டார். 2006இல் அக்குழு 16 ஆட்டங்களுள் 14இல் தோற்றது. மொஸ் எல்லை கடந்ததோ மூன்றே முறை. கால்களின் வேகம் போயிற்று, மனத்தின் ஊக்கமும் போயிற்று என்று பேசினர். அவர் கிறீன் பேக்குச் செல்வாரென்ற வதந்தியும் உலவியது.

ஆனால், 2007 ஏப்ரலில் அவரைப் பெற்றது நியூ இங்கிலாந்துக் குழு. கொடுத்த விலை, தெரிவின் நான்காம் சுற்றில் ஓர் இடமே! மொஸ் தம் ஊதியக் குறைப்புக்கும் இணங்கினார். அவ்வாண்டு 23 முறை எல்லை கடந்து புதிய சாதனை படைத்தார். அக்குழு பருவத்தின் 16 ஆட்டங்களையும் வென்றது. இறுதிப் போட்டியில் மட்டுமே நியூயோர்க்கிடம் தோற்றது.

அதனால் அவர் குணவானாகிவிட்டார் என்பதன்று. 2010இல் ஒப்பந்தம் பற்றிய மனக்கசப்பால் மீண்டும் கைமாற்றப்பட்டு மினசோட்டாவுக்கே திரும்பினார்; அங்கும் ஒரு திங்களே நிலைத்தார். ஆயினும் 2018இல், தகுதிபெற்ற முதலாண்டிலேயே, உதைபந்தாட்டப் புகழ்மண்டபம் அவரை ஏற்றது.

மொசின் குற்றங்கள் வதந்தி புனைந்தவையல்ல, அவை அவருடையவையே. ஆனால், அக்குற்றங்களைக் கொண்டு அவருடைய ஆற்றலையும் அளந்ததே சந்தை செய்த பிழை. சுழியும் மாட்டில் உள்ளதுதான். எனினும், ஏரை இழுப்பது சுழியன்று.