மார்பகப் புற்றுநோயும் மரபும் உடல் எடையும்

 

சில திங்களுக்கு முன் நம் சமூகத்துப் பெண்ணொருத்தி என்னைத் தனியே அழைத்து, "அம்மாவுக்கு மார்பில் புற்றுநோய். எனக்கும் வந்தே தீருமா? வெளியில் தெரிந்தால் தங்கையின் திருமணம் தடைப்படுமே" என்று வினவினாள். அவளுக்குரிய மறுமொழியையே இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

வந்தே தீரும் என்பதில்லை. நூறு பேரில் ஏறத்தாழ 5 முதல் 10 பேருக்கே இந்நோய் பிறவியில் பெற்ற மரபணுப் பழுதால் வருகிறது. அவற்றுள் முதன்மையான பி.ஆர்.சி.ஏ. 1, பி.ஆர்.சி.ஏ. 2 என்னும் இரண்டும் முறையே 1994, 1995ஆம் ஆண்டுகளில் கண்டறியப்பட்டன. உயிரணுவின் மரபுப்பொருளில் நேரும் சிதைவைச் செப்பனிடுவதே அவற்றின் பணி. அவை பழுதுற்றால் ஆபத்து பெரிதும் மிகும். ஆயினும் அப்பழுது பிள்ளைக்குச் செல்லும் வாய்ப்பு சரிபாதியே. தந்தை வழியிலும் அது வரலாம்; நாமோ பழியைத் தாய்மீது மட்டும் சுமத்துகிறோம்! தாய், தமக்கை, அத்தை எனப் பலருக்கு இளவயதிலேயே வந்திருப்பின், அதை மருத்துவரிடம் மறைக்கலாகாது.

பிறப்பை மாற்ற இயலாது. எடையைக் குறைக்க இயலும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் என்னும் சுரப்பு பெரிதும் கொழுப்புத் திசுவிலேயே உருவாகிறது. கொழுப்பு மிகுந்தால் அதுவும் மிகுந்து, மார்பக உயிரணுக்களைப் பெருகத் தூண்டுகிறது. சென்னை, திருவனந்தபுரம் புற்றுநோய் மையங்கள் தென்னிந்தியப் பெண்களிடையே நடத்தி 2008இல் வெளியிட்ட ஆய்வு, இடைச் சுற்றளவு 85 சென்டிமீட்டரைக் கடந்தோர்க்கு ஆபத்து மிகுதி எனக் காட்டியது. மெலிந்தவர்க்கும் இந்நோய் வரும் என்பதை மறவாதீர்.

நம் தாய்மார் நாற்று நட்டனர், களை பறித்தனர். மகள்கள் இன்று அலுவலகத்தில் அமர்ந்து பணிபுரிகின்றனர். கல்வி தந்த பேறு அது. ஆனால் வட்டிலில் விழும் சோறு மட்டும் களை பறித்த காலத்து அளவிலேயே இருக்கிறது!

கூச்சம் என்கிறீர்களா? 2000ஆம் ஆண்டு முதல் இத்திண்டுக்கல் மாவட்டத்து ஊர்களில், அம்பிளிக்கை மருத்துவமனையின் துணையுடன், வினிகரில் உள்ள அமிலத்தைத் தடவிக் கருப்பைவாய்ப் புற்றுநோயைச் செவிலியர் சோதித்தனர். முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்கள் முன்வந்தனர். சோதனை நடந்த ஊர்களில் அந்நோயால் நேரும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் உலகம் அறிந்தது. அது வேறு நோய்தான். ஆனால் கூச்சத்தை வென்றவர்கள் நம் ஊர்ப் பெண்களே.

மார்பகக் கட்டி பெரும்பாலும் தொடக்கத்தில் வலிப்பதில்லை. வலியில்லையே என்று காத்திருப்பதுதான் கேடு. கட்டி, தோலில் குழிவு, காம்பு உள்ளிழுத்தல், குருதிக் கசிவு ஆகியவற்றுள் எதைக் கண்டாலும் அரசு மருத்துவமனைக்குச் செல்க. தனியே செல்லத் தயங்குவோர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் சொல்லுங்கள், உடன் வருகிறேன்.