பொறி எழுதிய நிரலும் ஒப்பமிடும் கையும்



பழைய ஏடுகளைப் பதிப்பித்தோர் பட்டறிந்த உண்மை ஒன்றுண்டு. செல்லரித்த ஏடு தன் குறையைத் தானே காட்டிவிடும். ஓட்டை விழுந்த இடத்தில் கண் நிற்கும், கருத்தும் நிற்கும். ஆனால், பொருளறியாத ஒருவன் முத்து முத்தான கையெழுத்தில் பெயர்த்தெழுதிய ஏடு இருக்கிறதே, அதுதான் பதிப்பாசிரியனைக் குழியில் தள்ளும். தடையின்றிப் படிக்க முடிவதால் பிழையின்றி இருப்பதாகத் தோன்றும். இன்று செய்யறிவுப் பொறிகள் எழுதித் தரும் கணினி நிரல்கள் இந்த இரண்டாம் வகை ஏடுகளே.

வலைத்தளத்திலும் கைப்பேசியிலும் நாம் காண்பது முகப்பு மட்டுமே. பெயரைப் பதிவதும், பணத்தைக் கணக்கிடுவதும், எவர் எதைக் காணலாம் என முடிவு செய்வதும் பின்னே இயங்கும் நிரலின் வேலை. அந்தப் பின்புல நிரலை இளைஞர் பலர் இன்று பொறியை ஏவி எழுதுவிக்கின்றனர். ஏவுவதில் இழுக்கில்லை. எழுதி வந்ததைப் படித்துப் பாராமலே மக்கள் கையில் விடுவதுதான் இழுக்கு.

இது வெற்றச்சம் அன்று. 2021-இல் நியூயார்க்குப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிழை நேரத்தக்க 89 சூழல்களைத் தேர்ந்து, கிட்டப்பு கோப்பைலட்டு என்னும் பொறியைக் கொண்டு 1,689 நிரல்களை எழுதுவித்தனர். அவற்றுள் ஏறத்தாழ 40 விழுக்காடு, கள்வர் புகத்தக்க ஓட்டை உடையவை. 2022-இல் வெளிவந்த இசுடான்போர்டுப் பல்கலைக்கழக ஆய்வு இன்னும் கூர்மையானது. பொறியின் துணைபெற்று எழுதியோரின் நிரல் காப்புக் குறைந்திருந்தது. ஆயினும், தம் நிரல் காப்புடையது என்று நம்பியோர் அவர்களுள்தான் மிகுதி! அன்றைய பொறிகளினும் இன்றையவை திறமை மிக்கவை, மறுப்பதற்கில்லை. ஆனால், திறமை வளர வளரக் கையெழுத்தும் அழகாகிறது. படிப்பவன் கண்ணும் சோம்புகிறது.

எதைப் பார்ப்பது? உரிமையைப் பார்க்க வேண்டும். "நீ யார்?" என்று பொறியின் நிரல் பெரும்பாலும் கேட்டுவிடும். "நீ கேட்கும் இப்பொருள் உன்னுடையதா?" என்று கேட்கத்தான் மறக்கும். ஒரு பள்ளியின் மதிப்பெண் பதிவை எண்ணிக்கொள்ளுங்கள். 1041 என்னும் எண்ணுடைய மாணவன் தன் கடவுச்சொல்லை இட்டு நுழைகிறான். முகவரியிலுள்ள 1041-ஐ 1042 என மாற்றுகிறான். அடுத்தவன் மதிப்பெண்ணும், தந்தை பெயரும், தொலைபேசி எண்ணும் திரையில் வந்து நிற்கின்றன! நிரல் இயங்காமல் இல்லை, நன்றாகவே இயங்குகிறது. இல்லாதது ஒரே ஒரு வரி. எழுதிய வரியில் பிழை காண்பது எளிது. எழுதாத வரியைக் காண்பதன்றோ ஆய்வோன் கடன்? ஆகவே, இருவேறு பயனர்களாக நுழைந்து, ஒருவர் மற்றவர் பொருளைத் தொட முயன்று பார்த்தே தீரவேண்டும்.

பயனர் தட்டிய சொல்லை அப்படியே தரவுத்தள வினவலோடு ஒட்டும் பிழை 1998-லேயே வெளிப்பட்டது, இன்றும் ஓயவில்லை. திறவுச்சொற்களை நிரலுக்குள்ளேயே எழுதிவைப்பது மற்றொன்று. இவற்றினும் புதுமை ஒன்றுண்டு. உலகில் இல்லாத நிரல்தொகுப்பின் பெயரைப் பொறி தானே படைத்து, அதை நிறுவச் சொல்லும். அப்பெயரில் தீய தொகுப்பொன்றை முன்னரே பதிந்துவைத்துக் காத்திருக்கிறான் கள்வன். பெயரெல்லாம் உண்மைப் பெயரா என்று ஒவ்வொன்றாய்ப் பார்க்காமல் எதையும் நிறுவலாகாது.

2025 சூலைத் திங்களில் நடந்ததைக் கேளுங்கள். இரெப்ளிட்டு நிறுவனத்தின் செய்யறிவு முகவரைக் கொண்டு மென்பொருள் ஆக்கிவந்த அமெரிக்கத் தொழில்முனைவர் ஒருவர், எதையும் மாற்றாதே என்று கட்டளையிட்டிருந்தார். பொறியோ, பயன்பாட்டிலிருந்த தரவுத்தளத்தையே அழித்தது. நிறுவனத் தலைவர்கள் 1,200-க்கு மேற்பட்டோரின் பதிவுகள் போயின. மீட்க இயலாது என்றும் அதுவே கூறியது. அதுவும் பொய், பின்னர் மீட்க முடிந்தது! நிறுவனத் தலைவர் வருத்தம் தெரிவித்து, ஆக்கும் இடத்துத் தரவையும் பயன்பாட்டுத் தரவையும் பிரித்துவைக்கும் ஏற்பாட்டைக் கொணர்ந்தார். பொறிக்கு அந்தத் திறவுகோலைக் கொடுத்ததே பிழை. படியெடுத்து வைத்தால் மட்டும் போதாது. அப்படியிலிருந்து ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்திருக்க வேண்டும்.

இனி, நம் நெஞ்சைச் சுடும் செய்தி. பெயர்க் கட்டத்தில் எழுத்து மட்டுமே நுழைய வேண்டும் என்று பொறியை ஏவினால், பலவேளை ஆங்கிலத்தின் 26 எழுத்துகளை மட்டுமே எழுத்தென ஏற்கும் விதியை எழுதித் தருகிறது. எல்லா மொழியெழுத்தையும் ஏற்குமாறு திருத்தச் சொன்னாலும் சிக்கல் தீர்வதில்லை. ஒருங்குறியில் காலும் கொம்பும் புள்ளியும் 'எழுத்து' வகையில் இல்லை. 'சார்குறி' என்னும் தனி வகையில் உள்ளன. பைத்தான் மொழியில் சொல்லெழுத்தைக் குறிக்கும் இயல்பான தேடற்குறி இவற்றை ஏற்பதில்லை. ஆகவே, வளவன் தன் பெயரின் கடைசிப் புள்ளியால் வாயிலிலேயே தடுக்கப்படுகிறான். ஓலை கிழியுமென்று முன்னோர் புள்ளியை விட்டெழுதினர். இவர்களுக்கு எந்த ஓலை கிழிகிறது?

'தமிழ்' என்பது நமக்கு மூன்றெழுத்து. ஒருங்குறியில் ஐந்து குறிகள். பெரிதும் வழங்கும் குறியாக்கத்தில் 15 பைட்டுகள். பெயருக்கு 50 பைட்டு போதுமென்று பொறி எல்லையிட்டால், பதினேழாம் குறி பாதியில் வெட்டுண்டு உருச்சிதையும். ஆங்கிலப் பெயரை மட்டும் இட்டுப் பார்ப்பவனுக்கு இது எந்நாளும் தெரியாது.

எனவே, பொறி எழுதிய நிரல் எதுவாயினும், ஆய்வோன் இடும் முதற்பெயர் 'தமிழ்ச்செல்வி' என்றிருக்கட்டும். பதிந்த பின், தரவுத்தளத்தைத் திறந்து, புள்ளிகள் மூன்றும் இருக்கின்றனவா என்று எண்ணிப் பார்க்கட்டும்.