தாத்தாவின் பைண்டு வால்யூம்

பல தமிழ் வீடுகளின் பரணில் ஒரு கனத்த பைண்டு வால்யூம் கிடக்கும். பிரித்தால் கல்கி இதழிலிருந்து வாராவாரம் கிழித்துச் சேர்த்த 'பொன்னியின் செல்வன்'. 1950 முதல் 1954 வரை வந்த தொடர். ஓவியர் மணியத்தின் படங்கள், பின்பக்கத்தில் பாதி வெட்டுப்பட்ட சோப்பு விளம்பரம் எல்லாம் சேர்ந்தேதான் தைக்கப்பட்டிருக்கும். பேரப்பிள்ளைகள் முதலில் சிரித்துப் படிப்பது என்னவோ அந்த விளம்பரங்களைத்தான்!

இராமபாணப் பூச்சி அரிக்காமலிருக்க, பைண்டர்கள் பசையில் மயில்துத்தம் கலப்பார்கள். அப்படிக் காப்பாற்றியும் தாள் பழுப்பேறி, தொட்டால் உதிர்கிறது.

2022-ல் இந்தக் கதை மணிரத்னத்தின் படமாக வந்தபோது பல பரண்கள் திறந்தன. படத்தில் விட்டதும் மாற்றியதும் எவை என்று தாத்தா அடுக்க, பேத்திக்கு மூலக்கதை மேல் ஆசை வந்தது. ஆனால் ஐந்து பாகத்தையும் தூக்கிக் கொடுத்தால் எந்தப் பிள்ளையும் ஓடிவிடும். ஆடிப்பெருக்கன்று வந்தியத்தேவன் வீரநாராயண ஏரிக்கரையில் குதிரையில் வரும் முதல் அத்தியாயத்தை மட்டும் வாய்விட்டுப் படித்துக் காட்டலாம். தமிழ் எழுத்து தடுமாறும் வெளிநாட்டுப் பேரனுக்கும் காது இருக்கிறதே. ஒலிப்புத்தகமும் உண்டு; ஆனால் தாத்தாவைப் போல நடுவில் நிறுத்தி, கதையில் வரும் பழுவேட்டரையரின் மீசையைப் பற்றிக் கிளைக்கதை சொல்ல அதற்குத் தெரியாது.

அடுத்த அத்தியாயம் மறுநாள் இரவுதான் என்று கறாராகச் சொல்லிவிட வேண்டும். அன்றைய வாசகர்கள் ஒரு வாரமே காத்திருந்தார்கள்.