வெயிலுக்குச் சிக்காத நஞ்சு



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவில் நீரைத் தூய்மையாக்கும் ஒளிவினை உலைகளைப் பற்றிப் பேசச் சொல்லியிருக்கிறார்கள். விருதுநகர் மாவட்டத்துச் சூலக்கரைக்கு வந்து வெயிலின் அருமையைச் சொல்ல எனக்குத் துணிச்சல் இல்லை. அந்த வெயிலை வேலைக்கு வைத்தால் எந்த அழுக்கு போகும், எது போகாது என்று மட்டும் பிரித்துச் சொல்கிறேன்.

1972இல் ஜப்பானின் புஜிஷிமாவும் ஹோண்டாவும் டைட்டானியம் டை ஆக்சைடின் மேல் ஒளி பாய்ச்சி நீரைப் பிளந்து காட்டினார்கள். வெள்ளைப் பெயின்டில் இருக்கிற அதே பொருள்தான். புற ஊதாக் கதிர் பட்டதும் அதில் ஓர் எலக்ட்ரான் துள்ளி எழும். அது விட்டுப்போன வெற்றிடம் பக்கத்து நீரிலிருந்து எலக்ட்ரானைப் பிடுங்க, ஹைட்ராக்சில் என்னும் முரட்டுத் துணுக்கு பிறக்கும். சாயம், பூச்சிமருந்து, அச்சு மை எனப் பெரும்பாலான கரிமப் பொருள்களை அது கடித்துக் குதறிவிடும். வினை முழுதாக நடந்தால் பெரும்பாலும் கரியமில வாயுவும் தண்ணீருமே மிச்சம். ஸ்பெயினின் அல்மேரியாவில் கண்ணாடிக் குழாய்க்குப் பின்னால் வளைந்த அலுமினியத் தகடு வைத்து, வெறும் வெயிலிலேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார்கள். அண்ணா பல்கலைக்கழகத்தின் முருகேசன் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், வெயிலில் ஓர் அசோ சாயத்தைச் சிதைப்பதில் டைட்டானியம் டை ஆக்சைடை விடத் துத்தநாக ஆக்சைடு முந்தியது. ஆனால் அமில நீரில் துத்தநாக ஆக்சைடே கரையும்; சாயம் போய்த் துத்தநாகம் வந்து சேரும்!

வேறு தொல்லைகளும் உண்டு. டைட்டானியம் டை ஆக்சைடுக்கு வேண்டிய கதிர் வெயிலில் ஏறத்தாழ 5 விழுக்காடுதான். நம் போர் தண்ணீரின் உப்பும் பைகார்பனேட்டும் ஹைட்ராக்சிலைப் பாதி வழியிலேயே விழுங்கும். கௌசிகா ஆற்றுச் சாக்கடை போன்ற கலங்கல் நீரில் ஒளி சில அங்குலம்கூட இறங்காது. ஆகவே இந்த உலைக்கு இடம் ஆறல்ல. சிவகாசி ஆப்செட் அச்சகத்திலும் அருப்புக்கோட்டைச் சாயப்பட்டறையிலும், கழிவை முதலில் தெளியவைத்து, கடைசிக் கட்டத்தில் இதை வைக்கலாம். அங்கே எனக்கு நம்பிக்கை உண்டு.

பட்டாசுக் கழிவு வேறு கதை. ஜப்பானிய, தமிழக ஆய்வாளர்கள் சேர்ந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், சிவகாசிப் பகுதியின் 57 நிலத்தடி நீர் மாதிரிகளில் 17 மாதிரிகள், பட்டாசு மருந்திலுள்ள பெர்குளோரேட் என்னும் உப்புக்கு அமெரிக்கா அப்போது முன்வைத்திருந்த வரம்பைத் தாண்டின. அந்த வரம்பு லிட்டருக்கு 15 மைக்ரோகிராம். கிடைத்த உச்ச அளவு 7,690. அதே ஆய்வின் மதுரை மாதிரி ஒன்றுகூட அந்த வரம்பைத் தாண்டவில்லை. ஒரு கிராம் பெர்குளோரேட் போதும், 66,000 லிட்டர் நீர் அந்த வரம்பைத் தொட்டுவிடும். அது தைராய்டு சுரப்பிக்கு அயோடின் போகும் வழியை அடைக்கிறது. நிறம், மணம் எதுவுமில்லாததால் குடிப்பவருக்குத் தெரியாது.

இதற்கு ஹைட்ராக்சில் பயன்படாது. பெர்குளோரேட்டிலுள்ள குளோரின் தன் வெளிச்சுற்றின் 7 எலக்ட்ரான்களையும் ஏற்கெனவே பறிகொடுத்து உட்கார்ந்திருக்கிறது. எரிந்து முடிந்த சாம்பலுக்கு மறுபடி தீ வைப்பது போலத்தான். எலக்ட்ரானைத் திருப்பிக் கொடுக்கலாமே என்றால், சுற்றி நிற்கும் 4 ஆக்சிஜன்களும் எளிதில் நெருங்க விடுவதில்லை. வெடிக்குள் நொடியில் ஆக்சிஜனைக் கக்குகிற பொருள், குளிர்ந்த கிணற்று நீரில் இப்படி அசையாமல் கிடக்கிறது. பச்சை வண்ணத்துக்குச் சேர்த்த பேரியத்தையும் எந்த ஒளியும் அழிக்காது, அது தனிமம்.

பெர்குளோரேட்டை உடைக்கத் தெரிந்தவை சில பாக்டீரியாக்கள். அசிடேட்டைத் தின்று, பெர்குளோரேட்டை வெறும் குளோரைடாக மாற்றிவிடும். காற்றுப் புகாத தொட்டியில்தான் அந்த வேலை நடக்கும். வெயில் தேவையே இல்லை. வீட்டு ஆர்.ஓ. பெரும்பகுதியைப் பிடிக்கும்; ஆனால் அது கழித்த தண்ணீரை நாம் கொல்லையிலேயே விடுகிறோம். எல்லாவற்றையும் விட மலிவான வழி, பட்டாசு ஆலையின் கலவை அறையில் சிந்திய மருந்தையும் தரை கழுவிய நீரையும் மண்ணில் விடாமல் பிடிப்பது. ஆலைக்காரர்கள் இதைச் செலவுக் கணக்கில் எழுதுகிறார்கள். கிணற்றுக்காரரின் கணக்கை யாரும் எழுதவில்லை.

அறக்கட்டளைக்காரர்களிடம் ஒரு விண்ணப்பம். அடுத்த ஆண்டு அறக்கட்டளைத் தொகையில் ஒரு பகுதியைப் பேச்சுக்குச் செலவிட வேண்டாம். ஐப்பசி மழைக்குப் பிறகு ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை, மாணவர்கள் ஊர் ஊராகக் கிணற்று நீரை எடுத்து அயனி நிறப்பிரிகைக் கருவி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பட்டும். வந்த அளவை அந்தந்த ஊராட்சி அலுவலகத்தில் எழுதி ஒட்டட்டும்.